மாணவரா, பணியாளரா?

நம் இதழை நெடுங்காலமாகப் படித்துவரும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு மடல் விடுத்திருந்தார். அவர் மகனார் அமெரிக்காவில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், வேதியியலில் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்து வருகின்றார். ஆய்வோடு, இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்புகளை நடத்துவதும் அவர்தம் ஏடுகளைத் திருத்தி மதிப்பெண் இடுவதும் அவ்விளைஞரின் கடமை. அவர் வகுப்பில் கல்லூரிக் காற்பந்து அணியைச் சேர்ந்தவர் சிலர் உளர். அவர்களை அந்நாட்டில் 'சுட்டூடண்ட் அத்லெட்' என்று அழைக்கின்றனராம். "இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மகன் கேட்கின்றான், ஐயா ஒரு நல்ல சொல் ஆக்கித் தருதல் வேண்டும்" என்பது அன்பரின் வேண்டுகோள்.

சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. அரை நாழிகையில் முடிந்துவிடும் வேலை என்றே எண்ணினோம். 'மாணவர்', 'ஆட்டக்காரர்' என்னும் இரண்டையும் இணைத்தால் 'மாணவ ஆட்டக்காரர்' என்றாகிவிடும். ஆயினும், ஒரு தொகைச்சொல்லை ஆக்குமுன் அதனை விரித்துப் பார்ப்பது நம் மரபு. இது மாணவரும் ஆட்டக்காரரும் என விரியும் உம்மைத்தொகையா? உயர்திணை உம்மைத்தொகை பலர்பாலில் முடியும் என்பது நன்னூலார் கொள்கை. ஈங்கோ குறிக்கப்படுபவர் ஒருவரே. அங்ஙனமாயின், மாணவராகிய ஆட்டக்காரர் என விரியும் இருபெயரொட்டுப் பண்புத்தொகையா? அதுவே பொருந்தும்போல் தோன்றுகின்றது. எனினும் அந்நாட்டார் இச்சொல்லைக் கையாளும் முறையைத் தேடிப் படித்தபோது, இஃது எத்தொகையிலும் அடங்காது என்பது விளங்கிற்று. உழைப்பு வேண்டும்போது அவரை ஆட்டக்காரர் என்கின்றனர்; உழைப்புக்குக் கூலி கேட்டால் மாணவர் என்கின்றனர். ஒரே ஆளுக்கு வேளைக்கு ஒரு பெயர்! இதற்கு நன்னூலில் இடமில்லை.

இச்சொல் பிறந்த கதை அறியத்தக்கது.

அமெரிக்கக் காற்பந்து என்பது நாம் அறிந்த காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மோதி வீழ்த்துவதுமே அதன் இயல்பு. 1905-ஆம் ஆண்டு அவ்வாட்டத்தில் கல்லூரி இளைஞர் பலர் மாண்டதைக் கண்டு குடியரசுத் தலைவர் தியோடர் உரூசுவெல்ட்டே தலையிட நேர்ந்தது. அதன் விளைவாக 1906-இல் தோன்றிய அமைப்பே இன்று என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் நாட்டுக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு. இளைஞர் உயிரைக் காக்கவெனத் தோன்றிய அமைப்பு, அரை நூற்றாண்டு கழிந்ததும், இறந்த ஓர் இளைஞனின் கைம்பெண்ணுக்கு இழப்பீடு போய்ச் சேராமற் காக்கும் சொல்லைப் படைத்தது!

1953-இல் கொலராடோ மாநிலத் தலைமை வழக்குமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. தென்வர் பல்கலைக்கழகக் காற்பந்து அணியில் பயிற்சியின்போது முதுகில் அடிபட்ட நெமெத்து என்னும் மாணவர், அப் பல்கலைக்கழகத்தின் பணியாளரே ஆவார். ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக்கு உரியவர் என்பது தீர்ப்பு. அவருக்குக் கிடைத்த வளாக வேலையும் உணவும் அவர் ஆடியமையாலேயே கிடைத்தன என்று மன்றம் கண்டது. கல்லூரிகள் நடுங்கின. இரண்டே ஆண்டில், 1955-இல், அதே மாநிலத்தின் போர்ட்டு இலூயிசுக் கல்லூரி அணிக்காக ஆடிய இரே தெனிசன் என்பவர் ஆட்டக்களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர்தம் மனைவி, பணியில் இறந்தார்க்குரிய இழப்பீட்டைக் கேட்டார். வழக்கு மேலேறிச் சென்றது. 1957-இல் அதே தலைமை மன்றம், கல்லூரி காற்பந்து வாணிகம் நடத்தவில்லை என்று கூறி அக்கைம்பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிற்று.

இந்தக் காலத்தில்தான் கூட்டமைப்பு அச்சொல்லைக் கட்டாயப்படுத்தியது. 1951 முதல் ஏறத்தாழ 36 ஆண்டுகள் அவ்வமைப்பின் செயல்தலைவராக விளங்கிய வால்ட்டர் பையர்சு, பணியினின்று விலகிய பின்னர் 1995-இல் எழுதிய நூலில் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆட்டக்காரரைப் பணியாளர் என்று வழக்குமன்றங்கள் கருதிவிடுமோ என்னும் அச்சத்தாலேயே அச்சொல்லை ஆக்கி, எல்லாச் சட்டதிட்டங்களிலும் புகுத்தினோம் என்பது அவர் வாக்குமூலத்தின் சாரம். நூலை எழுதியவர் எதிரியல்லர், சொல்லைச் செய்தவரே. இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

சொல் தன் வேலையைச் செவ்வனே செய்தது. 1974-இல் தெக்சாசு கிறித்துவப் பல்கலைக்கழக அணிக்காக ஆடிய கென்ட் வால்திரெப்பு என்னும் இளைஞர் கழுத்தெலும்பு முறிந்து கைகால் முடங்கினார். அவர் பல ஆண்டு வழக்காடியும், 2000-இல், நீர் பணியாளரல்லர் என்றே மேல்மன்றம் விடையிறுத்தது. ஆம், அவர் 'மாணவ ஆட்டக்காரர்'!

இனி, இவர்கள் உண்மையில் எத்துணை நேரம் மாணவர், எத்துணை நேரம் ஆட்டக்காரர் என்று பார்ப்போம். 1991 முதல் கூட்டமைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆட்டப் பருவத்தில் கிழமைக்கு 20 மணிக்கு மேலும், நாளொன்றுக்கு 4 மணிக்கு மேலும் பயிற்சி கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் போட்டி நடக்கும் நாள், அது விடியலில் தொடங்கி நள்ளிரவில் முடியினும், 3 மணியாகவே எண்ணப்படும். ஊர்விட்டு ஊர் செல்லும் செலவு நேரம் கணக்கில் வாராது. 'விருப்பப் பயிற்சி' என்று பெயரிட்டால் அதுவும் வாராது. அவ்விருப்பப் பயிற்சிக்கு வாராதவன் அடுத்த ஆட்டத்தில் எங்கே அமர்த்தப்படுவான் என்பதை எந்த ஆட்டக்காரனும் அறிவான். கூட்டமைப்பே நடத்திய கணிப்புகளில், முதல்நிலைக் காற்பந்து ஆட்டக்காரர் ஆட்டத்துக்கென மட்டும் கிழமைக்கு 40 மணிக்கு மேல் செலவிடுவதாகக் கூறியுள்ளனர். எழுத்தில் 20, களத்தில் 40.

இந்த 20 என்னும் எண்ணைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். அன்பரின் மகனார் போன்றோர் பக்கம் திரும்பினால் அங்கும் இதே எண் நம்மை எதிர்கொள்கின்றது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை மாணவரும் முனைவர்ப் பட்ட மாணவரும் 'கற்பிப்பு உதவியாளர்', 'ஆய்வு உதவியாளர்' என்னும் பெயரில் அமர்த்தப்படுகின்றனர். அரைநேரப் பணி, கிழமைக்கு 20 மணி. அதற்கு ஈடாகக் கல்விக் கட்டணம் நீக்கப்படும். ஒரு சிறு தொகையும் தரப்படும். பேராசிரியர் கிழமைக்கு இரண்டு மூன்று முறை பெருங்கூடத்தில் உரையாற்றிச் செல்வார். எஞ்சியவை எல்லாம், மாணவரைச் சிறு குழுக்களாக அமர்த்தி விளக்குவதும், செய்முறை வகுப்பில் கண்ணாடிக் குடுவை வெடிக்காமற் பார்ப்பதும், ஏடு திருத்துவதும், மதிப்பெண் இடுவதும், நள்ளிரவில் வரும் ஐயங்களுக்கு விடை எழுதுவதும் இவ்வுதவியாளர் தலையில். ஆய்வு உதவியாளர் நிலை இன்னும் இடர். பேராசிரியரின் ஆய்வு எது, தன் பட்டத்துக்குரிய ஆய்வு எது என்று கோடு கிழிக்க இயலாமையால், இரவும் ஞாயிறும் எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இவற்றோடு தாமே மாணவராய்ப் பயில வேண்டிய பாடங்களும், எழுத வேண்டிய தேர்வுகளும் தனியே உள.

இவர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. விசுகான்சின் மாநிலம் மேடிசனில் 1966-இல் கற்பிப்பு உதவியாளர் கழகம் ஒன்று தோன்றி, 1970-இல் வேலைநிறுத்தம் செய்து, பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் கண்டது. அந்நாட்டில் அத்தகைய ஒப்பந்தங்களுள் அதுவே முதலாவது. அண்மையில், 2022 நவம்பர் 14-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களில் ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர் வேலையை நிறுத்தினர். ஆறு கிழமைக்குச் சற்றுக் குறைய நடந்த அப்போர் திசம்பர் 23-இல் முடிந்தது. அந்நாட்டு உயர்கல்வி வரலாற்றில் அத்துணைப் பெரிய வேலைநிறுத்தம் முன்பு நடந்ததில்லை. ஒருவர் ஊதியத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போகின்றது என்பது அவர்கள் முறையீடு.

தனியார் பல்கலைக்கழகங்களிலோ இவர்கள் பணியாளரா அல்லரா என்பதே கால் நூற்றாண்டு வழக்கு. நாட்டுத் தொழிலாளர் உறவு வாரியம் 2000-இல் நியூயார்க்குப் பல்கலைக்கழக வழக்கில், ஆம், இவர்கள் பணியாளரே என்றது. 2004-இல் பிரவுன் பல்கலைக்கழக வழக்கில், அல்லர், இவர்கள் முதன்மையாக மாணவரே என்றது. 2016-இல் கொலம்பியா வழக்கில் மீண்டும் பணியாளரே என்றது. இடையில் வேலை மாறிற்றா? ஏடு மாறிற்றா? திருத்தும் மை மாறிற்றா? ஒன்றும் இல்லை. குடியரசுத் தலைவர் மாறினார், அவர் அமர்த்தும் வாரிய உறுப்பினர் மாறினர், அவ்வளவே.

இவ்விரு கூட்டத்தாரின் வழக்கும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டது. அதுவே இக்கதையில் நம்மைப் பெரிதும் ஈர்த்த இடம். 2014-இல் சிக்காகோவை அடுத்த நார்த்துவெசுட்டர்ன் பல்கலைக்கழகக் காற்பந்து அணியினர் தொழிலாளர் கழகம் அமைக்க விண்ணப்பித்தனர். அவர்களை முன்னின்று நடத்திய கெயின் கோல்ட்டர் மருத்துவம் பயில விரும்பி வந்தவர். வேதியியல் வகுப்பு காலைப் பயிற்சியோடு மோதியது, வகுப்பு தோற்றது. அவர் உளவியலுக்கு மாறினார். வாரியத்தின் வட்டார இயக்குநர் சான்றுகளை ஆராய்ந்து, ஆகத்து மாதப் பயிற்சி முகாமில் கிழமைக்கு 50 முதல் 60 மணியும், ஆட்டப் பருவத்தில் 40 முதல் 50 மணியும் இவர்கள் உழைக்கின்றனர் என்று கண்டார். 2003 முதல் 2012 வரை அவ்வணியால் பல்கலைக்கழகம் பெற்ற வருவாய் 23 கோடியே 50 இலக்கம் தாலர். செலவு 15 கோடியே 90 இலக்கம். ஆகவே இவர்கள் பணியாளர் என்று அவ்வாண்டு மார்ச்சில் அவர் தீர்த்தார்.

பல்கலைக்கழகம் பிரவுன் வழக்குத் தீர்ப்பை எடுத்து நீட்டியது. முதுநிலை உதவியாளரே பணியாளர் அல்லர் எனில், பந்தாடுவோர் எங்ஙனம் பணியாளர் ஆவர் என்பது அதன் வினா. இயக்குநரின் விடை கூர்மையானது. உதவியாளர் செய்யும் கற்பிப்பு அவர்தம் பட்டப்படிப்போடு பிணைந்தது. பந்தாட்டமோ எந்தப் பட்டத்தோடும் பிணைந்ததன்று. அதற்கு மதிப்பலகு இல்லை, பேராசிரியர் இல்லை. ஆகவே பிரவுன் தீர்ப்பு இவர்களைத் தடுக்காது என்றார். இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். தாம் ஆடுவது கல்வியே அன்று என்று காட்டிய ஆட்டக்காரர் பணியாளர் ஆயினர். தம் உழைப்பு கல்வியோடு ஒட்டியிருந்த குற்றத்தால் உதவியாளர் பணியாளர் ஆகவில்லை. கற்றவனுக்குக் கற்றதே விலங்கு!

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 2015 ஆகத்தில் தலைமை வாரியம், இவ்வழக்கில் நாம் தலையிடோம் என்று கைகழுவிற்று. அவ்வணி மோதும் ஏனைய அணிகள் பெரும்பாலும் மாநிலப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தவை. அவை வாரியத்தின் ஆட்சிக்கு வெளியே உள்ளவை. ஆகவே ஓரணிக்கு மட்டும் தீர்ப்பு வழங்கினால் ஒழுங்கு குலையும் என்று கரணியம் காட்டிற்று. பணியாளரா அல்லரா என்னும் வினாவுக்கு மட்டும் விடை கூறவில்லை. 2024-இல் தார்த்துமத்துக் கல்லூரிக் கூடைப்பந்து அணியினர் மீண்டும் முயன்றனர். வட்டார இயக்குநர் பணியாளர் என்றார். அணியினர் 13-க்கு 2 என்று வாக்களித்துக் கழகம் கண்டனர். கல்லூரி பேச மறுத்தது. அவ்வாண்டின் இறுதி நாளில் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. வாரியத்தின் உறுப்பினர் மாறப்போகும் வேளை அது. காற்று எத்திசை அடிக்கும் என்பதை அறிந்தே பின்வாங்கினர்.

இனித் தகுதிச் சட்டங்களுக்கு வருவோம். ஆட்டக்காரர் மாணவரே என்று நிறுவுதற்குக் கூட்டமைப்பு கட்டிய வேலி இது. முதல்நிலைப் பிரிவில் ஒருவர் ஆடவேண்டுமானால் முழுநேர மாணவராகப் பதிந்திருத்தல் வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்திற்குரிய பாடத்தில் நூற்றுக்கு 40 பங்கும், மூன்றாம் ஆண்டில் 60 பங்கும், நான்காம் ஆண்டில் 80 பங்கும் முடித்திருத்தல் வேண்டும். கேட்பார்க்கு இஃது உயர்ந்த நோக்கமாகவே தோன்றும். நாமும் மறுக்கவில்லை. ஆனால் 40 மணி களத்தில் நிற்பவன் இத்தேர்ச்சியை எப்படிக் காட்டுவான்? இரு வழிகளே உள. ஒன்று, கடினமான பாடத்தை விட்டு எளிய பாடத்துக்குப் போதல். கோல்ட்டர் வேதியியலை விட்டது போல. ஈராண்டு கழித்துப் பாடம் மாற்ற விரும்பினால், முடித்த அலகுகள் புதிய பட்டத்தில் சேராமல் 40 பங்கு குறைந்துவிடும், தகுதி போய்விடும். எளியதில் புகுந்தவன் எளியதிலேயே கிடக்க வேண்டியதுதான். கல்வியைக் காக்க வந்த சட்டம் கல்வியை மாற்றவொட்டாமல் தடுக்கின்றது.

இரண்டாவது வழி பொய். வடகரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல்இல் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை 18 ஆண்டுகள் வகுப்பே நடவாத பாடங்கள் இருந்தன. ஒரு கட்டுரை கொடுத்தால் போதும்; உயர்ந்த மதிப்பெண். அதனால் பயன்பெற்றோர் 3,100 பேர் என்றும், அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆட்டக்காரர் என்றும் 2014-இல் வெளிவந்த தனி ஆய்வறிக்கை கூறியது. கூட்டமைப்பு என்ன செய்தது? 2017-இல், ஆட்டக்காரரல்லாத மாணவரும் அவ்வகுப்புகளில் இருந்தமையால் எம் சட்டம் மீறப்பட்டதாகக் கூற இயலாது என்று விட்டுவிட்டது. ஆட்டக்காரன் ஒருவன் பிறரிடம் சிறு அன்பளிப்புப் பெற்றால் அவனை நீக்கிய அமைப்பு, 18 ஆண்டுப் பொய்க் கல்வியைக் கண்டு கைகட்டி நின்றது.

இவ்விடத்தில்தான் உதவியாளரும் ஆட்டக்காரரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்கின்றனர். ஆட்டக்காரனின் தகுதி ஒரு மதிப்பெண்ணில் தொங்குகின்றது. அம்மதிப்பெண்ணை இடுபவர், 20 மணிக்கு ஊதியம் பெற்று அதற்கு மேலும் உழைத்து, விடியற்காலை இரண்டு மணிக்கு நாற்பதாவது ஏட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் முதுநிலை மாணவர். எதிரே இருப்பவனோ முந்தின நாள் வேற்று மாநிலத்தில் ஆடிவிட்டு இரவெல்லாம் வானூர்தியில் வந்தவன். இருவர் உழைப்பும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பணப்பெட்டியையும் நிரப்புகின்றன. இருவரையும் பல்கலைக்கழகம் மாணவர் என்றே அழைக்கின்றது. அன்பரின் மகனார் தம் மடலில், ஏடு வாரா ஒருவனைக் கடிந்துகொண்ட பின்னர் அவன் பயணப் பட்டியலைக் கண்டு வருந்தியதாகக் குறிப்பிட்டிருந்தார். கடிந்ததிலும் தவறில்லை, வருந்தியதிலும் தவறில்லை.

இருவரும் ஒருவரே ஆகும் நிலையும் உண்டு. பட்டம் பெற்ற பின்னும் ஆடும் தகுதி எஞ்சியிருந்தால் முதுநிலை மாணவராய்ப் பதிந்து ஆடலாம். 2006-இல் பட்டம் பெற்றோர் வேறு பல்கலைக்கழகம் சென்று உடனே ஆட இசைவு தந்தனர். மறு ஆண்டே அதனைத் திரும்பப் பெற்றனர். அதன்பின் சில ஆண்டுகள் ஒரு வேடிக்கையான வழி இருந்தது. முன்னைய பல்கலைக்கழகத்தில் இல்லாத முதுநிலைப் பாடம் ஒன்றைப் புதிய இடத்தில் எடுத்தால் தனி இசைவு கிடைக்கும். அறிவு வேட்கையால் பாடம் தேடிய காலம் போய், பழைய இடத்தில் எது இல்லையோ அதைத் தேடும் காலம் வந்தது! பின்னர்ப் பெயர்பெற்ற உரசல் வில்சன் 2011-இல் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து விசுகான்சினுக்குச் சென்றது பட்டம் பெற்றோர்க்குரிய வழியிலேதான். ஒகையோ மாநிலத்தில் பட்டம் பெற்று இலூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் சென்ற சோ பர்ரோ, 2019-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்னும் பரிசு பெற்றபோது முதுநிலை மாணவர். அவர் பயின்றவை இணையவழிப் பாடங்கள். இவர்களை நாம் குறைகூறவில்லை. கதவு எப்படித் திறந்திருந்ததோ அப்படியே நுழைந்தனர். ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஆய்வுக்கூடத்தில் கிடந்து பட்டத்துக்குத் தவம் கிடப்பவர் பெயரும் முதுநிலை மாணவர். இவர் பெயரும் முதுநிலை மாணவர். பெயர் எத்துணைப் பெரிய சாக்கு! எதையும் போட்டுக் கட்டலாம்.

இப்போது பணம் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்போர் உளர். உண்மைதான். 2021 சூன் மாதத்தில் அந்நாட்டுத் தலைமை வழக்குமன்றத்தின் ஒன்பது நடுவரும் ஒருமுகமாகக் கூட்டமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். அடுத்த மாதம் முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவையும் விளம்பரத்துக்குத் தந்து பொருளீட்ட இசைவு கிடைத்தது. 2025 சூன் 6-இல் ஒப்புதல் பெற்ற வழக்குத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்க்குப் பகிர்ந்து தரலாம், 2025-26-ஆம் ஆண்டுக்கு அதன் வரம்பு 2 கோடியே 5 இலக்கம் தாலர்; முன்னைய ஆட்டக்காரர்க்கு ஏறத்தாழ 280 கோடி தாலர் ஈடு. அத்தனையும் தந்த பின்னரும் அவர்கள் தர மறுப்பது ஒன்றே: பணியாளர் என்னும் பெயர். அப்பெயரை ஈந்தால் அடிபட்டவனுக்கு இழப்பீடு ஈதல் வேண்டும். மணிக்கணக்குக் காட்டல் வேண்டும். கழகத்தோடு அமர்ந்து பேசல் வேண்டும். பணத்தினும் பெயர் விலைமிக்கது என்பதைத் தமிழர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேலும், இப்பெரும்பணம் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே பாய்கின்றது. நீச்சலிலும் தொலைவோட்டத்திலும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுபவனுக்கு அதில் வந்து சேர்வது சொட்டுநீரே.

வெளிநாட்டு மாணவர்க்கு அச்சொட்டும் இல்லை. மாணவர் இசைவில் அந்நாட்டுக்குச் சென்றவர், பருவக் காலத்தில் வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணிக்கு மேல் பணி செய்தல் ஆகாது என்பது நடுவணரசின் ஒழுங்கு. வெளிநாட்டு ஆட்டக்காரர் விளம்பரப் பணம் பெற்றால் அதுவும் பணியாகக் கருதப்பட்டு இசைவு பறிபோகுமோ என்று அஞ்சி, அணி வேற்று நாட்டுக்கு ஆடச் செல்லும்போது ஆங்கே படமெடுத்துக்கொள்ளும் நிலை. நம் தமிழ்ப் பிள்ளைகளோ ஆட்டக்காரராய் அன்று, கற்பிப்பு உதவியாளராகவும் ஆய்வு உதவியாளராகவும் நூற்றுக்கணக்கில் அங்கே உள்ளனர். அவர்களுக்கு இந்த 20 இருமுனைக் கத்தி. 30 மணி உழைத்தேன் என்று முறையிட வாய்திறந்தால், 20-க்கு மேல் உழைத்தது எப்படி என்று தம்மீதே வினா திரும்புமோ என்று அஞ்சுகின்றனர். ஏய்க்கப்பட்டவனே குற்றவாளியாகும் இந்நிலையைக் காட்டிலும் முதலாளிக்கு வாய்ப்பானது வேறு யாது?

இலவயமாகக் கல்வி கிடைக்கின்றதே, அது கூலி ஆகாதா என்பார்க்கு ஒரு சொல். ஆகும். கூலி என்றே சொல்லித் தரட்டும். கூலி என்றால் அளவு வரும். அளவு வந்தால் மிகை தெரியும். மிகை தெரிந்தால் கேள்வி பிறக்கும். 'உதவி' என்று சொல்லித் தந்தால் பெறுபவன் நன்றி கூறி நிற்க வேண்டியவனாகின்றான். கற்பிப்பதால் கற்பவனும் வளர்கின்றான் என்பதும் உண்மையே. யாமும் ஏடு திருத்திக் கற்றவரே. தச்சனும் உளியோச்ச உளியோச்சத் தேர்ச்சி பெறுகின்றான். அதற்காக அவனுக்குக் கூலி கொடாமல் விடுவதுண்டோ?

இதில் நம்மவரும் குற்றத்திற்கு நீங்கியவர் அல்லர். ஆய்வுக்கூடத்தில் பகலெல்லாம் உழைக்கும் ஆய்வு மாணவர் பெறும் தொகையை நாமும் 'உதவித்தொகை' என்றே வழங்கி வருகின்றோம். ஏழைப் பிள்ளைக்குக் கட்டணத்துக்கென்று ஈவதும் உதவித்தொகை. உழைத்தவனுக்கு உழைப்பின் பேரில் தருவதும் உதவித்தொகை. இரண்டும் ஒன்றா? கூலி என்பது இழிந்த சொல் என்று நாணுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். மெய் வருந்த உழைத்ததற்குரிய பயனைக் குறிக்க வள்ளுவப் பெருந்தகை எடுத்தாண்ட சொல் கூலி என்பதே.

அன்பர்க்கு நாம் விடுத்த விடை இதுதான். 'சுட்டூடண்ட் அத்லெட்' என்னும் சொல்லுக்கு ஒட்டுச்சொல் ஆக்குதல் வேண்டா. அவ்விளைஞர் வகுப்பில் இருக்கையில் மாணவர். களத்தில் இருக்கையில் கல்லூரி ஆட்டப்பணியாளர். வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு சொல் நம்மிடம் உண்டு. தங்கள் மகனாரைக் கற்பிப்புப் பணியாளர் என்க. அவர் பெறுவது ஊதியம்.

சில நாளில் மறுமடல் வந்தது. மகனார் இச்சொற்களைக் கண்டு மகிழ்ந்தாராம். அன்று முதல் தாம் வகுப்புக்கும் ஏட்டுக்கும் செலவிடும் நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளாராம். முதற் கிழமைக் கணக்கு 31 மணி. அக்குறிப்பேட்டை இன்னும் யாரிடமும் காட்டவில்லை என்றும் அன்பர் எழுதியிருந்தார்.